தொட்டி காலியாக இருக்கும் நாட்கள்

பொள்ளாச்சி வீட்டு கேட்டருகே நின்று இஞ்சு டேப்பின் ஒரு முனையை நான் பிடித்துக்கொண்டேன். மறுமுனையை இழுத்தபடி போர்டிகோவின் கடைசிச் சுவர்வரை போன மச்சான், துளசி மாடத்தில் முழங்கால் இடிக்காமல் குனிந்து படித்தார். பதினேழு அடி, இரண்டு இஞ்சு.

அவர் சட்டைப் பையில் மடித்து வைத்திருந்த விளம்பரத் தாளில் டொயோட்டா ஹைலக்ஸின் நீளம் 5,325 மில்லிமீட்டர் என்று இருந்தது. செல்போனில் கணக்குப் போட்டார். பதினேழு அடி ஐந்தரை இஞ்சு. முன்பம்பர் சுவரில் ஒட்டி நின்றாலும் வால் மூன்றரை இஞ்சு வெளியே நிற்கும். கேட்டைச் சாத்த முடியாது. பக்கத்தில் எழுதி வைத்திருந்த இசுசு வி-கிராஸ் கொஞ்சம் குட்டை, 5,295. அதுவும் இரண்டரை இஞ்சு வெளியேதான்.

திண்ணையிலிருந்து அத்தை கேட்டார்: "ஏனுங் மாப்பிள்ளை, வண்டி வாங்கறதுக்கு முன்னால வீட்டை அளக்கோணுமா?"

இந்த வண்டிக்கு அளக்கத்தான் வேண்டும். பெரிய வண்டி என்று நாம் ஒதுங்கி வழிவிடும் ஃபார்ச்சூனரே 4,795 மில்லிமீட்டர்தான். ஹைலக்ஸ் அதைவிட அரை மீட்டருக்கும் மேல் நீளம். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் கோடு போட்டு ஒதுக்கும் கார் நிறுத்தமோ பொதுவாக 5 மீட்டர் நீளம், 2.5 மீட்டர் அகலம். சென்னையிலோ கோவையிலோ ஃபிளாட்டில் இருப்பவர் இந்த வண்டியை வாங்கினால் அதன் பின்கதவு தினமும் அடுத்தவர் நடைபாதையில் நிற்கும். அசோசியேஷன் கூட்டத்தில் அது ஒரு தீர்மானமாகவும் வரும்.

வெள்ளை போர்டு மாட்டிய பிக்கப்களை இப்போது கோவை, பொள்ளாச்சி, ஊட்டி சாலைகளில் அடிக்கடி பார்க்க முடிகிறது. தோட்டம் வைத்திருப்பவர்கள், எஸ்டேட்காரர்கள், காட்டுப்பக்கம் போக ஆசைப்படும் ஐ.டி. இளைஞர்கள் என்று வாங்குகிறவர்கள் பலவகை. எல்லோரும் சொல்லும் காரணம் ஒன்றுதான்: குடும்பமும் போகலாம், லோடும் போகலாம். தினப்படிப் புழக்கத்துக்கு இந்த வாக்குறுதி எவ்வளவு தூரம் ஓடும் என்று பார்க்கத்தான் மச்சானோடு ஒரு மாதம் அலைந்தேன்.

ஞாயிறு கோயில், திங்கள் சந்தை

இந்த ஆசை நம் ஊரில் முளைத்ததல்ல. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் ஒரு விவசாயியின் மனைவி ஃபோர்டு நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினார் என்று அந்நாட்டுக்காரர்கள் சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமை நனையாமல் தேவாலயத்துக்குப் போக வேண்டும், திங்கட்கிழமை அதே வண்டியில் பன்றிகளைச் சந்தைக்கு ஏற்ற வேண்டும், அப்படி ஒரு வண்டி இருக்கிறதா என்று கேட்டாராம். லூயிஸ் பாண்ட் என்ற இளம் வடிவமைப்பாளர் வரைய, 1934-ல் ஜீலாங் ஆலையிலிருந்து வண்டி வந்தது. 'யூட்' என்று இன்றும் அங்கே செல்லமாக அழைக்கப்படும் இனத்துக்கு அதுதான் தாய்.

நம்மிடமும் ஒன்று இருந்தது. டெல்கோ, அதாவது இன்றைய டாடா மோட்டார்ஸ், 1988-ல் கொண்டுவந்த டாடா மொபைல். பாதி கார், பாதி சரக்கு வண்டி. அதன் அடித்தளத்தின் மேல்தான் பிறகு சியராவும் எஸ்டேட்டும் எழுந்தன. அவற்றைக் கார் என்று கொண்டாடிய நாம், தாயான பிக்கப்பைச் சரக்கு வண்டி வரிசையில் தள்ளிவிட்டோம். 2005-ல் டாடா ஏஸ் வந்து 'குட்டியானை'யாகித் தெருத்தெருவாக ஓட ஆரம்பித்ததும், பிக்கப் என்றால் மஞ்சள் போர்டு, தார்ப்பாய், தக்காளிக் கூடை என்றே மனதில் பதிந்துபோனது. வெள்ளை போர்டில் பிக்கப்பை வீட்டுக்குள் அழைத்துவந்தது 2016-ல் வந்த வி-கிராஸ். இசுசு முதலில் நம் திருவள்ளூரில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில்தான் வண்டிகளைக் கோத்துக்கொண்டிருந்தது. ஆந்திர எல்லை தாண்டி ஸ்ரீசிட்டியில் சொந்த ஆலை வந்ததும் வி-கிராஸ் அங்கிருந்து இறங்கியது. ஹைலக்ஸ் 2022-ல் வந்தது. உலகில் 1968 முதல் ஓடும் பெயர், நம்மிடம் வந்து சேர அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது.

உலகக் கணக்கில் இவை நடுத்தரம். அமெரிக்காவின் ஃபோர்டு எஃப்-150 நான்கு கதவு வண்டி ஆறு மீட்டரை நெருங்கும். நம் குட்டியானை நாலு மீட்டருக்குள் அடங்கும். நடுவில் நிற்பவை இவை. நம் தெருவுக்கு வந்தால் நடுத்தரம் என்ற சொல் சிரிக்க வைக்கிறது, அவ்வளவே.

காலண்டரில் சிவப்பு டிக்

மச்சானுக்கு ஆனைமலைப் பக்கம் ஆறு ஏக்கர் தென்னை. வீடு டவுனில். இருக்கும் பழைய காரின் பின்சீட்டை மடித்து உர மூட்டை ஏற்றி ஏற்றி, கண்ணாடியை ஏற்றினால் வேப்பம்புண்ணாக்கு வாசம் மூக்கில் ஏறும். பிள்ளைகள் அந்தக் காரில் பள்ளிக்கூடம் போக மறுத்த அன்றுதான் பிக்கப் பேச்சு தொடங்கியது.

ஷோரூமுக்குப் போவதற்கு முன் அவரிடம் ஒரு வேலை கொடுத்தேன். சமையலறையில் தொங்கும் மாதக் காலண்டரில், பின்னால் தொட்டி இருந்தால் நன்றாக இருந்திருக்குமே என்று தோன்றும் நாளில் சிவப்பு டிக் போட வேண்டும். மாத முடிவில் எட்டு டிக். யூரியா நாலு மூட்டை, மூட்டை 45 கிலோ. காயில் எரிந்த போர் மோட்டாரை ரீவைண்டிங் கடைக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்தது இரண்டு நாள். சொட்டுநீர்க் குழாய்ச் சுருள். கழிச்சல் கண்ட கன்றுக்குட்டி. பெரியம்மா வீட்டுக் கல்யாணத்துக்கு இளநீர். மற்றவை சில்லறை. தேங்காய் வெட்டு அதே மாதத்தில் வந்தது. அதற்கு டிக் இல்லை. வியாபாரியே ஆளும் வண்டியும் கொண்டுவந்து ஏற்றிப் போய்விடுவார்.

மீதி இருபத்திரண்டு நாள் பள்ளிக்கூடம், கடைவீதி, கோவை, மாசாணியம்மன் கோவில். தொட்டியில் காற்றுதான் போகும்.

என் கணக்கு இந்த இருபத்திரண்டு நாளிலிருந்துதான் தொடங்குகிறது. வண்டி பார்க்கப் போகிறவர்கள் எல்லோரும் எட்டு நாளை நினைத்துக்கொண்டு போகிறார்கள். குதிரைத்திறன், இழுவை, 700 மில்லிமீட்டர் தண்ணீரில் இறங்கலாம் என்ற வாக்குறுதி எல்லாம் அந்த எட்டு நாளுக்கு. அதிலும் வெள்ளம் எந்த நாளில் வரும்? 2015-ம் 2023-ம் பார்த்த சென்னைக்காரருக்கு உயரமான வண்டி மேல் ஆசை வருவதைப் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் எப்போதோ வரும் வெள்ளத்துக்காகத் தினமும் இடமில்லாமல் பார்க்கிங் தேட வேண்டியிருக்கும்.

காலியாக ஓட்டிப் பார்த்தால் முதலில் தெரிவது முதுகுக்குத்தான். இந்த இரண்டு வண்டிகளிலும் பின்னால் லாரி போலப் பட்டை ஸ்பிரிங். சுமை ஏறினால் அடங்கி உட்காருவதற்காக விறைப்பாகச் செய்தது. காலி வண்டியில் பின்பகுதிக்கு எடையில்லை, பட்டை மசியாது. வேகத்தடையில் முன்சக்கரம் மரியாதையாக இறங்கும், பின்சக்கரம் எகிறும். ஈரச் சாலையில் வளைவில் ஆக்சிலேட்டரை அழுத்தினால் வால் லேசாக நழுவப் பார்க்கும். இது எந்தக் கம்பெனியின் குறையும் இல்லை. பாரம் சுமக்கப் பிறந்த உடம்பு அப்படித்தான்.

கோவையில் ஒரு ஷோரூமில் டெஸ்ட் டிரைவ் என்று எங்களை வழவழப்பான மேம்பாலத்தில் ஏற்றி இறக்கிக் கொண்டுவந்து விட்டார்கள். மேம்பாலத்தில் மாட்டு வண்டியும் மிதக்கும். அடுத்த முறை மச்சான் பிடிவாதமாகக் குண்டும் குழியுமான ஒரு கட் ரோட்டுக்குள் விடச் சொன்னார். பின்சீட்டில் அத்தை. நூறு மீட்டர் போனதும், "கண்ணு, நிறுத்து. இட்லி வெளிய வந்துரும்" என்றார். விற்பனையாளர் முகம் வாடியது. எங்களுக்கு வேண்டிய தகவல் கிடைத்துவிட்டது.

கொஞ்சம் வைத்தியம் உண்டு. இரண்டு மணல் மூட்டையைத் தொட்டியில் கேபினை ஒட்டிப் போட்டு, நகராமல் கட்டிவிட்டால் நடை அடங்கும். பழகிய ஓட்டுநர்கள் மழைக்காலத்தில் செய்வதுதான். டயர் காற்று இன்னொன்று. காலிக்கு ஒரு அளவு, லோடுக்கு ஒரு அளவு என்று கதவோரம் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். பங்க்கில் பையன் கேட்காமலேயே எல்லா டயருக்கும் லோடு அளவை அடித்துவிடுவான். குலுக்கலில் பாதி அங்கே ஏறுகிறது.

பின்சீட்டைப் பற்றி விளம்பரம் எதுவும் பேசாது. கேபின் முடிகிற சுவரோடு சீட்டு முடிவதால் சாய்மானம் கிட்டத்தட்ட நெட்டுக்குத்தாக நிற்கும். பொள்ளாச்சியிலிருந்து கோவைக்குத் தாங்கும், திருச்செந்தூருக்குத் தாங்காது. ஏறுவது தனிக் கதை. சேலை கட்டிய எழுபது வயதுக்காரர் படியில் ஒரு கால் வைத்து, கைப்பிடியைப் பிடித்து, மறு காலை இழுத்துக்கொள்வதற்குள் இரண்டு பேர் பின்னால் நிற்க வேண்டும். அத்தை கடைசியில் வீட்டு முக்காலியைக் கூடவே வண்டியில் போட்டுவிடச் சொன்னார். தொட்டிக்கு முதல் லோடு அதுதான்.

எந்த போர்டு?

தோட்டம் வைத்திருப்பவர் அவசியம் கேட்க வேண்டிய கேள்வி, வண்டி எந்த வகையில் பதிவாகும் என்பது. எம்-1 என்றால் பயணிகள் வண்டி, கார் மாதிரி, வெள்ளை போர்டு. என்-1 என்றால் மொத்த எடை மூன்றரை டன்னுக்குள் இருக்கும் சரக்கு வண்டி; மஞ்சள் போர்டு. ஒரே உருவத்தில், ஒரே பெயர்க் குடும்பத்தில் இரண்டும் இருக்கும். வி-கிராஸின் உடன்பிறப்பான எஸ்-கேப் சரக்கு வண்டி. புக்கிங் பணம் கட்டுவதற்கு முன் ஷோரூமில் வாயால் சொல்வதை நம்பாமல் எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

வெள்ளை போர்டுக்கு வரி அதிகம். தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு வாழ்நாள் வரி 20 சதவீதம். முப்பது லட்சத்தைச் சுற்றி விலை சொல்லும் இந்த வண்டிகளில் வரிக்கு மட்டும் ஒரு சின்னக் கார் வாங்கும் பணம் போகிறது. பதிலுக்குப் பதினைந்து வருடம் எஃப்.சி. கவலை இல்லை. மஞ்சள் போர்டுக்கு முதல் எட்டு ஆண்டு இரண்டு ஆண்டுக்கொருமுறை எஃப்.சி., பிறகு ஆண்டுதோறும். பெர்மிட் பயம் பலருக்கு உண்டு. மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டத்திலேயே அதிலிருந்து விலக்கு இருக்கிறது. ஓட்டுநர் உரிமத்துக்கும் தனியாக அலைய வேண்டாம். இலகு ரக உரிமம் இருந்தால் 7,500 கிலோ வரையிலான சரக்கு வண்டியை ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024 நவம்பரில் தெளிவாகச் சொல்லிவிட்டது.

எவ்வளவு ஏற்றலாம்? ஆர்.சி.யில் இரண்டு எடை இருக்கும்: வெற்று எடை, சுமையோடு மொத்த எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் மனிதர்களும் அடக்கம். உதாரணத்துக்கு வித்தியாசம் 600 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஐந்து பேர் ஏறினால் 350 போய்விடும், மீதி 250. யூரியா ஐந்து மூட்டை. "இவ்வளவு பெரிய உடம்புக்கு அஞ்சு மூட்டைதானுங்களா?" என்று மச்சான் கேட்டார். பட்டை தாங்கும், சட்டம் தாங்காது. அளவுக்கு மிஞ்சிய பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய். அதற்கு மேல் டன்னுக்கு 2,000.

இதே மாதிரி ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு ஒரு டன்னும் சுமக்கும் மகிந்திரா பொலேரோ கேம்பர் இவற்றின் விலையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்குக் கிடைக்கிறது. நீளம் 4,859 மில்லிமீட்டர். மச்சான் வீட்டு கேட்டுக்குள் ஒரு அடி மிச்சம் வைத்து நிற்கும். பாரம் சுமக்கத்தான் வண்டி என்றால் விவாதமே இல்லை. ஆனால் பிள்ளைகளை உட்கார வைத்து நெடுஞ்சாலையில் நூறில் ஓட்டுவதற்கு அதை நான் சொல்ல மாட்டேன். ஹைலக்ஸில் ஏழு ஏர்பேக். காசு அங்கேதான் பேசுகிறது.

தொட்டியின் அளவும் ஏமாற்றும். நீளம் ஒன்றரை மீட்டர் வாக்கில். சக்கர வளைவுகளுக்கு நடுவே அகலம் 1.1 மீட்டர்தான். எட்டுக்கு நாலு பிளைவுட் பலகை படுக்காது. இருபது அடி பி.வி.சி. குழாயைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். வெளியே நீட்டிக்கொண்டு போனால் அதற்கும் அதே 20,000. மோட்டார் பைக்கைக் கோணலாக நிறுத்தி, பின்கதவைத் திறந்து வைத்தால் நிற்கும். ஆட்களை ஏற்றக்கூடாது. நம் ஊரில் கோவில் திருவிழாவுக்குத் தொட்டி நிறைய ஜனம் போவது கண்ணுக்குப் பழகிய காட்சிதான், ஆனால் ஒரு பிரேக்கில் என்ன ஆகும் என்பதும் தெரிந்ததுதான்.

இன்னொரு தொல்லை மழை. ஐப்பசியில் ரயில்வே ஸ்டேஷனுக்குப் போனால் சூட்கேஸ் எங்கே? பின்சீட்டில், மடியில். பூட்டக்கூடிய மூடி போட்டால் சரியாகும். அப்போது கன்றுக்குட்டி நிற்காது. போடுவதானால் கம்பெனி அங்கீகரித்த மூடியாக, பில்லோடு போடுங்கள். பதிவான அமைப்பை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. முன்னால் மாட்டும் இரும்புக் கம்பி பம்பருக்கு 2017 இறுதியிலேயே தடை வந்துவிட்டது, இருந்தும் பொள்ளாச்சியில் பாதி வண்டி அதோடுதான் அலைகிறது.

வால்பாறை போய்ப் பார்த்தது

ஓட்டிப் பார்க்க ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் நாற்பது கொண்டை ஊசியைவிட நல்ல இடம் இல்லை. நண்பர் ஒருவரின் வி-கிராஸ் ஆட்டோமேட்டிக்கில் போனோம். 1.9 லிட்டர் டீசல், 360 நியூட்டன் மீட்டர். எண்ணைப் பார்த்தால் ஹைலக்ஸின் 2.8 லிட்டர், 500 நியூட்டன் மீட்டர் முன் சிறுபிள்ளை. ஏற்றத்தில் முனகியது, திணறவில்லை. வளைவுகளில் பேருந்தே திரும்பும்போது இது திரும்பாதா, திரும்பியது. சிக்கல் வந்தது திரும்பி வந்து பொள்ளாச்சி மார்க்கெட் ரோட்டில். யூ-டர்ன் எடுக்க இரண்டு முறை ரிவர்ஸ். பின்னால் நின்ற ஆட்டோக்காரர் சொன்னதை அச்சில் போட முடியாது.

நாலு சக்கர இழுவை வேண்டுமா? ஹைலக்ஸ் இங்கே அதோடு மட்டும்தான் வருகிறது. வி-கிராஸில் இல்லாமலும் வாங்கலாம். பலர் அறியாத ஒன்று: இந்த இரண்டிலும் உள்ளது பகுதிநேர ஏற்பாடு. காய்ந்த தார்ச்சாலையில் அதைப் போட்டு ஓட்டக் கூடாது. வளைவில் முன்சக்கரமும் பின்சக்கரமும் வேறு வேறு தூரம் ஓட வேண்டியிருக்க, இரண்டையும் சேர்த்துக் கட்டிவிட்டால் உள்ளே பல்சக்கரங்கள் ஒன்றையொன்று முறுக்கும். ஆக இருபத்திரண்டு நாளும் அது வெறும் பின்சக்கர வண்டி. ஆனால் மழை பெய்த மறுநாள் தென்னை வரப்போரம், மண் டயரை விழுங்குகிற இடத்தில், லோ ரேஞ்சில் போட்டுப் பாருங்கள். கொடுத்த காசு அத்தனையும் நியாயம் என்று தோன்றும் நிமிடம் அது. அந்த நிமிடம் உங்கள் வருடத்தில் எத்தனை முறை வரும் என்று உங்களுக்குத்தான் தெரியும்.

டவுனுக்குள் மட்டும் சுற்றுகிறவருக்கு ஒரு எச்சரிக்கை. பி.எஸ்.-6 டீசல் வண்டியில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி இருக்கிறது. சேர்ந்த கரியை எரிக்க என்ஜின் நன்றாகச் சூடேறி, நல்ல வேகத்தில் கொஞ்ச நேரம் ஓட வேண்டும். பள்ளிக்கூடம் இரண்டு கிலோமீட்டர், கடை ஒரு கிலோமீட்டர் என்றே மாதம் முழுக்க ஓட்டினால் கரி அடைத்து, மீட்டரில் விளக்கு எரியும். வாரம் ஒருமுறை நெடுஞ்சாலையில் விரட்டி வாருங்கள் என்பார்கள். கோவை போய் வர ஒரு சாக்கு என்று மச்சான் மகிழ்ந்தார்.

கடைசியில் என் தீர்ப்பைக் கேட்டார். சொன்னேன். எட்டு டிக்குக்கு இவ்வளவு பணம் போட வேண்டாம். டவுனுக்கு ஒரு நல்ல கார். உர மூட்டைக்குக் குட்டியானையை வாடகைக்குக் கூப்பிட்டால் வருடம் முழுக்க ஆகும் செலவு இந்த வண்டியின் இன்சூரன்ஸைத் தாண்டாது. பதினைந்து டிக் விழுகிற ஆள், தோட்டத்திலேயே குடியிருக்கிற ஆள், வால்பாறை, குன்னூர் பக்கம் எஸ்டேட் வேலை பார்க்கிற ஆள் என்றால் தயங்காமல் வாங்கலாம்; அவருக்கு நான் வி-கிராஸைச் சொல்வேன். நெடுஞ்சாலையில் மாதம் நாலு முறை சென்னை போய் வருகிறவர் என்றால் ஹைலக்ஸ்.

மச்சான் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். "கணக்கெல்லாம் சரிதானுங்க மாப்பிள்ளை. ஆசைக்கு நீங்க ஒரு டிக்கும் போடலியே?" என்றார்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை.

போன வாரம் மறுபடி போயிருந்தேன். வண்டி இன்னும் புக் ஆகவில்லை. கொத்தனார் வந்துவிட்டார். துளசி மாடத்தை நகர்த்த அத்தை சம்மதிக்கவில்லை. கேட்டைத் தெருப்பக்கம் தள்ளவும் வழியில்லை. ஆகவே போர்டிகோவின் கடைசிச் சுவரில், ஒன்பது இஞ்சுக் கனத்தில் நாலரை இஞ்சைக் குடைந்து, நாலடி உயரம், ஆறரை அடி அகலத்துக்குப் பெரிய மாடக்குழி மாதிரி வெட்டச் சொல்லியிருக்கிறார் மச்சான். பம்பர் அதற்குள் நுழைந்து நிற்குமாம். அடுத்த கார்த்திகைக்கு அதில் வரிசையாக இருபது விளக்கு வைக்கலாம் என்று அத்தை இப்போதே எண்ணி வைத்திருக்கிறார்.